பழனிக்கு ஓடிய மகளுக்கு அப்பா எழுதுவது

சாந்தன்பாறைப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் என் மகளுக்கு, வடகரப்பதியிலிருந்து அப்பா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். நான் நலமாக இல்லை. நேற்றுக் காலை கிணத்துக்கடவுக்குப் பஸ் ஏறி, உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனின் அப்பாவைப் பார்த்து ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அதனால் வருகிற ஆவணியில் நடக்க வேண்டிய உன் கல்யாணம் நின்றாலும் நிற்கும். செய்தவன் நான்தான், ஆனாலும் நேற்றிலிருந்து எனக்கே கை கால் ஓடவில்லை. வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இன்லண்டு லெட்டரில் அடங்காது என்று தெரிந்ததால் கடைக்குப் போய் முழுத் தாளாக வாங்கி வந்திருக்கிறேன். பொறுமையாகப் படி. நான்தான் ஜென்மத்தில் பொறுமையாக இருந்ததில்லை, நீயாவது இரு.

முதலிலிருந்து சொன்னால்தான் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது உனக்கு விளங்கும். எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த காலம். நீ வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருஷம் பள்ளி ஆண்டுவிழாவில் டீச்சர்களுக்கு ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடும் போட்டி நடந்தது என்றும், அதில் நீ முதலாவதாக வந்து பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினாய் என்றும் எழுதியிருந்தாய். நானும் உன் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். கொஞ்ச நாள் கழித்து, எஸ்டேட்காரர்கள் சும்மா விளையாட்டுக்காகப் பூப்பாறை வரைக்கும் ஒரு ஓட்டம் வைத்தார்கள், நாலு மைல் இருக்கும், பிளாஸ்க் கொடுத்தார்கள் என்று எழுதினாய். சரி, வீட்டுக்கு ஒரு பிளாஸ்க் ஆச்சு என்றேன். அதற்கும் அடுத்த கடிதத்தில், மாட்டுப்பட்டி அணைப்பக்கம் பத்து மைல் ஓட்டம் நடந்தது, பொம்பளைகளில் நான் ஒருத்திதான், கடைசியாகத்தான் வந்தேன், ஆனால் முடித்துவிட்டேன் என்று கடைசி வரியில் ஒளித்து எழுதியிருந்தாய். உன் அம்மா அந்த வரியை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பதில் கடிதத்தில் என்ன எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? கிணற்று மோட்டார் புகைந்துவிட்டது, கடலைக்கொட்டை சுமார்தான் என்று எழுதினேன். நீ பத்து மைல் ஓடியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேசாமல் விட்டால் அது தானாக நின்றுபோகும் என்று நினைத்தேன். உன் பால்பல் ஆடியபோதும் நான் இப்படித்தான் இருந்தேன் என்று உன் அம்மா சொல்வாள்.

பிறகு ஒருநாள் உனக்குத் தகவல் சொல்லாமல் சாந்தன்பாறைக்கு வந்தேன். காலை ஏழு மணி இருக்கும். குவார்ட்டர்ஸில் நீ இல்லை. உன்கூடத் தங்கியிருக்கும் அந்தத் திருநெல்வேலிப் பக்கத்து டீச்சர்தான் கதவைத் திறந்தாள். "வாங்கய்யா, உக்காருங்க. அவ ஓடப் போயிருக்கா, இப்ப வந்துருவா. காப்பி போடுதேன்" என்றாள். பால் வாங்கப் போயிருக்கிறாள் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் காப்பிக்குக் காத்திருக்காமல் வெளியே வந்தேன். ஏலத்தோட்டத்துப் பாதையில் நீ இறங்கி வந்தாய். முழங்கால் வரைக்கும் சேறு, தூக்கிக் கட்டிய பாவாடை, தலைமுடி கொண்டை, மேலே ஒரு ஆண்பிள்ளைச் சட்டை. நான் மாசக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த என் சட்டை! திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்தில் இருந்த பலாமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பெற்ற மகளைப் பார்த்து ஒளிந்த அப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெட்கம் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் பயமோ என்று தோன்றுகிறது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நம் வீட்டில் நீ அப்படி ஒரு முகத்தோடு இருந்ததே இல்லை.

அன்றைக்கு உன்னிடம் கேட்டேன், "எத்தன மைலு?" என்று. "இன்னிக்குப் பதினஞ்சுங்கப்பா. போன மாசம் பத்திரிகையில படிச்சனுங்க, மாரத்தான்னா இருவத்தாறாமா. பூப்பாறைக்கு மூணு நடை போய்ட்டு வந்தாக் கிட்டத்தட்ட வந்துருமுங்க. ரெண்டாவது நடையிலயே கடைக்காரரு, டீச்சர் என்னத்த மறந்துட்டு வந்தீங்கன்னு கேக்கறாரு" என்று சிரித்தாய். "யானை இருக்கற ஊர்ல இதென்ன கூத்து அம்மிணி?" என்றேன். "அதும் பாட்டுக்கு அது, என் பாட்டுக்கு நானுங்க" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் இறங்கி வரும்போது முழுவதும் ஒரே யோசனை: உடனே மாப்பிள்ளை பார்க்க வேண்டும். இதற்கு மேல் எனக்கு மூளை ஓடவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஐப்பசியில் கிணத்துக்கடவுக்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம், பையனுக்கு விவசாய ஆபீஸில் வேலை, எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காப்பித் தட்டோடு நீ வந்து நின்ற நேரம் பார்த்துப் பையனின் அப்பா மெதுவாக ஆரம்பித்தார். "தப்பா நெனைக்காதீங்க. ஏலக்கா வாங்க அந்தப் பக்கம் போற எங்க சித்தப்பா பையன் பாத்திருக்கறான். புள்ள காலங்காத்தால பூப்பாறை ரோட்டுல தனியா ஓடிட்டிருந்துச்சாமா. ஏனுங்க, புள்ளைக்கு ஏதாச்சும்..." என்று சொல்லி நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் மகளுக்கு ஓடப் பிடிக்கும், அதனால் ஓடுகிறாள் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் என் வாயில் வரவே இல்லை. "பழனிக்கு வேண்டுதலுங்க" என்றேன். "ஊட்டுலிருந்து மலையடிவாரம் வரைக்கும் ஓடியே வர்றதா வேண்டியிருக்கறா. அதுக்குப் பழகிட்டிருக்கறா."

கண்ணு, அந்தக் கூடம் எப்படி மாறியது என்று நீயே பார்த்தாய். பைத்தியம் என்று நினைத்த பெண் ஒரே நொடியில் பக்தையாகிவிட்டாள். பொம்பளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "யாருக்குங்க வேண்டுதல்?" என்று அவர் கேட்டார். "எனக்குத்தானுங்க. நெஞ்சு வலி" என்றேன். அதற்கு முந்தின வாரம்தான் இரண்டு கடலை மூட்டையை ஒண்டியாக வண்டியில் ஏற்றியவன்! நீ தட்டைப் பிடித்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தாய். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் எழுந்து கும்பிட்டுவிட்டு, "அப்ப வேண்டுதலு மொதல்ல முடியட்டுமுங்க. சாமிக்குச் சொன்னத நிறுத்தி வெச்சுட்டுக் கல்யாணம் பேசப்படாது. தைப்பூசத்துக்கு முடிச்சுருங்க. செருப்பில்லாமத்தானுங்களே?" என்றார். நான் தலையை ஆட்டினேன். நம் பக்கத்து ஜனங்களைப் பற்றி உனக்குத் தெரியாததா? சாமிக்கென்று நேர்ந்துவிட்ட ஆட்டுக்குட்டியை வீடே பட்டினி கிடந்தாலும் தொட மாட்டோம். வாயால் சொன்னால் சொன்னதுதான், அதற்கு மாற்று இல்லை. நான் சொன்ன வார்த்தை பழனிவரைக்கும் நீளும், அதை நீதான் ஓடிக் கடக்க வேண்டும் என்று அவர்கள் போன பிறகுதான் உறைத்தது. இங்கிருந்து பழனி ஐம்பத்தைந்து மைலுக்குக் குறையாது. கிலோமீட்டரில் சொன்னால் இன்னும் பயமாக இருக்கும்.

அன்று மாலையே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று மாதம் இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். சாமி பேரில் சொன்ன பொய் என்பதால் ஏப்பம் வந்தால்கூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முருகா என்றேன். ஆனால் மானம் போய்விடுமே என்ற நினைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. என் வாயால் ஒரு வார்த்தை பேசுவதைவிட உன் காலால் ஐம்பத்தைந்து மைல் ஓடுவது சுலபம் என்று நான் முடிவு செய்திருக்கிறேன். எழுதிப் பார்த்தால் எனக்கே திக்கென்கிறது.

தை மாதம் அந்த நாளில் கோழி கூப்பிடும் நேரத்தில் நீ வாசலில் நின்றாய், மஞ்சள் தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, வெறும் காலோடு. நானும் உன் அம்மாவும் சவாரி வண்டியில் பின்னால் வந்தோம். கோபாலபுரம் தாண்டும்போது நீ வண்டியை விட்டு வெகுதூரம் முன்னால் போய்விட்டாய். பொள்ளாச்சி வரைக்கும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது, பொய் சொல்வானேன். கோமங்கலம் தாண்டித்தான் ரோட்டைப் பார்த்தேன். நீ மிதித்த இடத்தில் திட்டுத் திட்டாக ரத்தம். உன்னைக் கூப்பிட்டு வண்டியை நிறுத்தினேன். உன் அம்மா வைக்கோலுக்கு அடியில் கையை விட்டு உன் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை எடுத்தாள். எப்போது வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. காவடிக்காரர்கள் கூட்டமாக நடந்துகொண்டிருந்த அந்த ரோட்டில், சம்பந்தி சொன்ன சொல்லெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்து உனக்கு ஷூ மாட்டிவிட்டேன். லேஸ் கட்டத் தெரியவில்லை. மாட்டுக்கு முடிச்சுப் போடுவதுபோல்தான் போட்டேன். நீ என் தலையில் கை ஊன்றி நின்றாய். அந்த நேரம் ஒரு அம்மா வந்து உன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அப்பனுக்காக ஓடற புள்ளைய இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது.

உடுமலையில் காளைகள் படுத்துவிட்டன. காங்கேயம் காளை, சந்தையில் ஆளைத் தூக்கி எறிந்த காளை, நுகத்தை அவிழ்த்ததும் நடு ரோட்டிலேயே படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. நீ இரண்டு டம்ளர் நீர்மோர் குடித்துவிட்டு, "போலாமுங்களாப்பா?" என்றாய். என் கண்ணாலேயே பார்த்தேன், இன்னும் நம்ப முடியவில்லை. வண்டியைத் தெரிந்தவர் வீட்டில் விட்டு, உன் அம்மாவைப் பழனி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு உன் பின்னால் வந்தேன்.

மடத்துக்குளம் தாண்டி நீ விழுந்தாய். விழுந்தாய் என்றுகூடச் சொல்ல முடியாது, நடந்துகொண்டே உட்கார்ந்துவிட்டாய். வாந்தி எடுத்தாய். உதடு வெளுத்திருந்தது. நான் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து அழுதேன். "வேண்டுதலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல சாமி. எனக்கு நெஞ்சு வலியே இல்ல. உங்கப்பன் பொய் சொன்னான். ஏறு சைக்கிள்ல, ஊட்டுக்குப் போலாம்." நீ வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "அது அன்னிக்கே தெரியுமுங்கப்பா. உங்களுக்கு நெஞ்சு வலி வந்திருந்தா வடகரப்பதி முழுக்கக் கேட்டிருக்கும்." "அப்பறம் எதுக்கு ஓடற?" என்றேன். "இருவத்தாறு மைலுக்கு அக்கட்டால என்ன இருக்குதுன்னு பாக்கோணும்னு ஆசைங்க. பொம்பளப் புள்ளைய யாரு அத்தன தூரம் உடுவாங்க? நீங்க சாமி பேரச் சொன்னீங்க, ரோடே வழி உடுது. நான் எனக்காகத்தானுங்க ஓடறேன். சித்த நேரம் உக்காந்துட்டு வர்றேன், நீங்க அழுவாதீங்க." அவ்வளவுதான். கால் மணி நேரம் கழித்து எழுந்தாய். விளக்கு வைக்கும் நேரத்தில் மலையடிவாரத்துக்கு வந்து முதல் படியைத் தொட்டாய். அங்கே நின்றிருந்த உன் அம்மா வாய் விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன்.

இங்கேயே முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. பங்குனியில் நிச்சயதார்த்தம். வெற்றிலைத் தட்டு மாற்றுவதற்கு முன்னால் பையனின் அப்பா, "வேண்டுதலு நல்லபடியா முடிஞ்சுதுங்க. இனிமேப்பட்டுப் புள்ள ஓடாதுங்களே?" என்றார். "எதுக்குங்க ஓடறா? சாமிக்குச் செய்யறது முடிஞ்சுது, அதோட சரி" என்றேன். மடத்துக்குளத்தில் நீ சொன்னதை என் காதால் கேட்டவன் நான். இரண்டே மாதத்தில் மறந்துவிட்டேன். மறக்கவில்லை, தட்டு மாறினால் போதும் என்று இருந்தேன். ஒன்று சொல்கிறேன், புகுந்த வீட்டில் இதை மட்டும் வைத்துக்கொள்: உனக்காக இன்னொருத்தர் வாக்குக் கொடுக்கிறார் என்றால், அது அப்பனாக இருந்தாலும் சரி, அங்கேயே வாயைத் திறந்துவிடு. மரியாதைக்காகச் சும்மா இருக்காதே. நீ அன்றைக்கு உள்ளே அறையில் இருந்தாய். கேட்டிருப்பாயோ மாட்டாயோ என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

அதற்குப் பிறகு உன் கடிதங்களில் மழை இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், ஏலக்காய் விளைச்சல்கூட இருந்தது. ஓட்டம் இல்லை. போன வாரம் மனசு கேட்காமல், ஓடுகிறாயா என்று ஒரு வரி எழுதிக் கேட்டேன். நீ ஒரு வரியில் பதில் போட்டாய்: "இல்லீங்கப்பா, நீங்க வாக்குக் குடுத்துட்டீங்களே." அந்த வரியைப் படித்துவிட்டு நான் களத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரத்தம் வந்தபோது நிற்காதவள், காளை படுத்தபோது நிற்காதவள், என் ஒரு வார்த்தைக்கு நின்றிருக்கிறாய்.

அதனால்தான் நேற்றுப் போனேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேண்டுதல் பொய், நெஞ்சு வலி பொய், இனி ஓடமாட்டாள் என்று சொன்னதும் அவளைக் கேட்காமல் சொன்னது. பையனின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்ப யாருக்காகத்தான் ஓடுச்சு அந்தப் புள்ள?" என்று கேட்டார். "அவளுக்காகத்தானுங்க" என்றேன். ஐப்பசியில் வராத வாக்கியம் நேற்று வந்துவிட்டது. பையன் உள்ளிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அப்படி ஒரு கலக்கத்தோடு பார்த்தான். "சாமி பேர்ல பொய் சொன்ன ஊட்டுல சம்பந்தம் பண்றதான்னு யோசிக்கோணுமுங்க" என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். சரிங்க என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பஸ்ஸில் வரும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக உனக்கு ஒரு நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க, புள்ளையக் கேட்டீங்களா?" என்றாள். எதைக் கேட்க என்றேன். நீ அவளிடம் மட்டும் சொல்லி வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னாள். அந்தப் பையன் உனக்கு இரண்டு கடிதம் போட்டிருக்கிறானாம். கல்யாணத்துக்கு அப்புறம் காலையில் நீங்கள் ஓடுங்கள், நான் சைக்கிளில் கூட வருகிறேன், அப்பாவிடம் இப்போது பேச வேண்டாம், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தானாம். கல்யாணம் வரைக்கும் அப்பா சொன்ன வாக்கைக் காப்பாற்றிக்கொடுத்துவிடலாம், அதற்கப்புறம் நம் பாடு என்று நீயும் ஒத்துக்கொண்டாயாம். நீயும் அவனும் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் சரி செய்து வைத்திருக்கிறீர்கள். நான் போய்ச் சத்தியவானாக நின்று அதைப் போட்டு உடைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது எதற்கென்று இப்போது புரிகிறது.

பொய் சொன்னபோதும் உன்னைக் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்தபோதும் கேட்கவில்லை. அதைத் திரும்ப வாங்கப் போனபோதும் கேட்கவில்லை. அந்தப் பையனை உனக்குப் பிடித்திருக்கிறதா என்று இந்த நிமிஷம்வரைக்கும் நான் கேட்டதில்லை. உனக்கு இருபத்துநாலு வயது, கண்ணு. முதல்தடவையாகக் கேட்கிறேன்: நான் என்ன செய்யட்டும்? மறுபடியும் போய் அவர் காலில் விழ வேண்டுமென்றால் விழுகிறேன். வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமென்றால் இருக்கிறேன். உன் பதில் வரும் வரைக்கும் நான் இந்த வாசலைத் தாண்டி எங்கேயும் போக மாட்டேன், உனக்கு நல்லது செய்வதற்குக்கூட.

அப்பா